கப்பற் சீட்டும் விமானப் புள்ளியும்



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் பயணச் சீட்டின் வரலாறு. சீட்டுக்கு என்ன வரலாறு என்று கேட்பீர்கள். நம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது கையிலிருந்து காசு கொடுத்துச் சீட்டு வாங்கவில்லை. இன்று நம் பிள்ளைகளில் சிலர் கடன் அட்டையில் சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்து விமானத்தில் திருச்சிக்குப் போய் வருகிறார்கள். அவர்களும் சீட்டுக்குக் காசு கொடுக்கவில்லை என்றே சொல்கிறார்கள். பாட்டனாருக்கும் இலவசம், பேரனுக்கும் இலவசம். அப்படியானால் கப்பலுக்கு நிலக்கரியும் விமானத்துக்கு எண்ணெயும் யார் வாங்கிப் போட்டார்கள்? அந்தக் கணக்கைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் கப்பலைப் பார்ப்போம்.

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளைப் பற்றி மாணவர்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். அப்போது பேராவில் ரப்பர் ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது. கிரியான் வட்டாரத்தில் கரும்பும், வேறு சில இடங்களில் காப்பியும் பயிரிட்டார்கள். அந்தத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவந்த முறைக்கு ஒப்பந்தக் கூலி முறை என்று பெயர். ஆளைக் கொண்டுவரும் செலவைத் தோட்ட முதலாளி முன்பணமாகப் போடுவார். வந்தவர் இத்தனை ஆண்டு என்று கையெழுத்திட்டு, அல்லது கைநாட்டு வைத்து, அந்தச் செலவைத் தம் கூலியிலிருந்து கழித்துக்கொள்ளச் சம்மதிப்பார். கப்பலை விட்டு இறங்கும்போதே அவர் கடனாளி. கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம். பிடித்துவந்து தண்டிக்கச் சட்டம் இருந்தது. சீட்டு அவர் கைக்கு வரவில்லை, சீட்டின் விலை மட்டும் அவர் தலைக்கு வந்தது என்று சொல்லலாம்.

அடுத்து வந்தது கங்காணி முறை. கங்காணி தம் சொந்த ஊருக்கே போய், உறவினரையும் தெரிந்தவரையும் கூட்டி வருவார். வழிச்செலவு, ஊரில் இருந்த கைமாற்று, புறப்படும்போது வாங்கிய வேட்டி சேலை எல்லாம் கணக்கில் ஏறும். தம் ஆட்களில் நாள்தோறும் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. ஆள் படுத்துவிட்டால் அந்தக் காசு போய்விடும். ஆகவே காய்ச்சலில் கிடப்பவரையும் எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்பிய கதைகள் நம் லயங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன. எல்லாக் கங்காணிகளும் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிறர் உழைப்பின் தலை எண்ணிக்கையில் ஒருவருக்குக் கூலி கிடைக்குமானால், அவர் நல்லவராக இருப்பது கடினம்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. பேராவிலும் சிலாங்கூரிலும் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. ஆள் பற்றாக்குறை வந்தது. அப்போது துரைமார்களுக்குள் ஒரு சண்டை மூண்டது. ஒரு துரை செலவு செய்து ஆள் கொண்டுவருவார். பக்கத்துத் தோட்டத்துத் துரை இரண்டு காசு கூடக் கொடுத்து அந்த ஆளை இழுத்துக்கொள்வார். செலவு ஒருவருக்கு, பலன் மற்றவருக்கு. இந்தச் சண்டையைத் தீர்க்கவே 1907-ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். பின்னாளில் இதற்கு இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் வந்தது.

இந்த நிதி வேலை செய்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் இன்றைய புள்ளிக் கணக்கின் சூட்சுமம் இதற்குள்ளேயே இருக்கிறது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்துள்ள ஒவ்வொரு முதலாளியும், தம் தோட்டத்தில் எத்தனை ஆள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று கணக்குக் காட்டி, அதற்கேற்ப நிதிக்கு வரி கட்ட வேண்டும். ஆள் கொண்டுவந்தவரும் கட்ட வேண்டும், கொண்டுவராதவரும் கட்ட வேண்டும். அப்படித் திரண்ட பணத்திலிருந்து கிராமத்திலிருந்து துறைமுகம் வரை ரயில் செலவு, ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சாப்பாடு, கப்பல் கட்டணம், பினாங்கில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கும் செலவு எல்லாம் கொடுக்கப்பட்டன. ஆள் கொண்டுவந்த முதலாளிக்கு அதற்கென ஒரு தொகையும் நிதியிலிருந்து திரும்பக் கிடைத்தது. எல்லாரிடமும் வாங்கிச் சிலருக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. இதனால் சும்மா இருந்து ஆள் இழுத்தவருக்கு நட்டம், முனைந்து ஆள் சேர்த்தவருக்கு இலாபம்.

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? ஒரு பெரிய நன்மை கிடைத்தது. அவர் பினாங்குக் கரையில் கடனில்லாத மனிதராக இறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டம் போகலாம் என்ற நிலை வந்தது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910-ஆம் ஆண்டு இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. இதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் துரைமார் கட்டிய வரி அவர்கள் சட்டைப் பையிலிருந்து வந்ததா? 1920-களின் இறுதியில் பல வட்டாரங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி விதிக்கப்பட்டது. அந்தக் கூலியும் நிலைக்கவில்லை. 1930-இல் உலகமெங்கும் வாணிபம் சரிந்து ரப்பர் விலை விழுந்தபோது, அது 40 காசு, 32 காசு என்று இறங்கியது. இலவசச் சீட்டில் கப்பல் கப்பலாக ஆள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால், கூலியை உயர்த்த வேண்டிய தேவை முதலாளிக்கு ஏது? வேலைக்கு ஆள் போதாத இடத்தில்தான் கூலி உயரும். ஆகவே அந்தச் சீட்டின் விலையை நம் முன்னோர் ஒரே நாளில் கொடுக்கவில்லை; நாளுக்குச் சில காசாக, வாழ்நாள் முழுதும் கொடுத்தார்கள் என்பதே எங்கள் கருத்து.

அதே நிதி இன்னொரு வேலையும் செய்தது. 1930-க்குப் பின் வந்த அந்தப் பஞ்ச காலத்தில், வேலை இல்லாத ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் இலவசச் சீட்டு கொடுத்தார்கள். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு திரும்பிப் போனார்கள். வரவேண்டிய நேரத்தில் வரச் சீட்டு, போகவேண்டிய நேரத்தில் போகச் சீட்டு. நேரத்தை முடிவு செய்தது தொழிலாளி அல்லர். ரப்பர் விலை ஏறியதும் மறுபடி ஆள் தேடினார்கள். 1938-இல் மீண்டும் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசாங்கம் உதவிச் சீட்டில் கூலியாட்கள் மலாயா செல்வதைத் தடை செய்தது. இலவசக் கப்பற் சீட்டின் கதை ஏறத்தாழ அத்துடன் முடிந்தது.

அதன் பிறகு போனவர் எல்லாரும் சொந்தக் காசில் போனவர்களே. அந்தக் காலத்துக் கப்பல்களில் ‘ரஜூலா’வை அறியாத தோட்டம் இல்லை. 1926-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. பெட்டியை வைத்த இடமே சுவர். மேலே முதல் வகுப்பில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாப்பாடு நடக்கும். கீழே இருப்பவர் மேலே போவதென்பது அந்தக் கப்பலில் நடவாத காரியம். நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு மாறுவதைப் பற்றிப் பிறகு பேச இருக்கிறோம்.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பல்லாயிரம் தோட்டக் குடும்பங்கள் இந்தக் கப்பலிலும் இதைப் போன்ற கப்பல்களிலும்தான் ஊர் திரும்பின. ‘ரஜூலா’ 1974-இல் உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் ‘சிதம்பரம்’ வந்தது. அது 1966-இல் பிரெஞ்சு நாட்டில் கட்டப்பட்டு, 1972-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் மாண்டார்கள். அந்தக் கப்பலும் அதன்பின் ஓடவில்லை. சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே இருந்த மக்கள் கப்பல் போக்குவரத்து அவ்வாறு முடிந்தது.

இனி விமானத்துக்கு வருவோம்.

நம் ஈப்போவுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் 1947 மே முதல் நாள் தன் முதல் வழக்கமான பயணிகள் சேவையைத் தொடங்கியபோது, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்றுதான் பறந்தது. ஐந்தாறு பேர் உட்காரும் சிறிய விமானம். அந்த நிறுவனம் பல பெயர் மாறி, 1972-இல் மலேசியாவுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று என்று பிரிந்தது. ஆனால் அன்று விமானம் நம் தோட்டத்து மக்களுக்கு வானத்தில் பார்க்கும் பொருளாகவே இருந்தது. பால்வெட்டுச் சம்பளத்தில் விமானச் சீட்டு எங்கே வாங்குவது?

இந்த நிலை மாறியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று மலிவுக் கட்டண விமானம். ஏர் ஏசியா என்ற நட்டத்தில் ஓடிய நிறுவனத்தை 2001-இல் ஒரு வெள்ளி விலைக்கும், அதன் கடன்களைச் சுமக்கும் பொறுப்புக்கும் புதியவர்கள் வாங்கினார்கள். அந்த நிறுவனம் இந்தியாவுக்குப் பறக்கத் தொடங்கியபோது, 2008 இறுதியில், முதலில் தேர்ந்த ஊர் டில்லியோ பம்பாயோ அன்று, திருச்சிராப்பள்ளி. காவிரிக் கரை மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம், நாம் பேச வந்த புள்ளி. இதன் பிறப்பிடம் அமெரிக்கா. சரக்கு வாங்குபவருக்கு முத்திரை கொடுத்து, முத்திரைகளைச் சேர்த்தால் பரிசு கொடுக்கும் வழக்கம் அங்கே 1890-களிலேயே இருந்தது. பால் டின் காகிதத்தையும் சவர்க்கார உறையையும் சேர்த்து அனுப்பி, ஒரு கண்ணாடிக் குவளைக்காகக் காத்திருந்த தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விமானத்துக்கு இந்த வழக்கம் வந்தது பின்னர்தான். 1978 வரை அமெரிக்காவுக்குள் விமானக் கட்டணத்தை அரசாங்க வாரியமே விதித்தது. அவ்வாண்டு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். போட்டி மூண்டது. நிறுவனங்கள் ஒன்றை ஒன்று விழுங்கப் பார்த்தன.

இங்கே விமானத் தொழிலின் ஒரு தன்மையைச் சொல்ல வேண்டும். காலையில் வெட்டிய மரத்துப் பாலை நேரத்துக்கு எடுக்காவிட்டால், கோப்பையில் மழை விழுந்து பால் பாழாகிவிடும் அல்லவா? விமானத்தின் இருக்கையும் அப்படித்தான். கதவு மூடும்போது காலியாக இருந்த இருக்கை பாழானதே; நாளைக்கு எடுத்து விற்க முடியாது. இருநூறு பேர் ஏறினாலும் நூற்றைம்பது பேர் ஏறினாலும் விமானிக்குச் சம்பளம் ஒன்றே; எண்ணெய்ச் செலவும் அதிகம் மாறாது. ஆகவே எப்படியும் காலியாகப் போகும் இருக்கையை, அடிக்கடி பறக்கும் வாடிக்கையாளருக்குப் பரிசாகக் கொடுத்தால் நிறுவனத்துக்குச் செலவு மிகக் குறைவு. வாடிக்கையாளரோ வேறு நிறுவனத்துக்குப் போகமாட்டார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் இந்த எண்ணத்தை 1981 மே மாதம் செயலுக்குக் கொண்டுவந்தது. பறந்த மைல்களை உறுப்பினர் பெயரில் கணினியில் எழுதி வைத்து, சேர்ந்ததும் இலவசச் சீட்டு கொடுத்தார்கள். சில நாட்களுக்குள்ளேயே போட்டி நிறுவனமும் இதைச் செய்தது.

ஆறு ஆண்டு கழித்து, 1987-இல், அதே நிறுவனம் சிட்டி வங்கியுடன் சேர்ந்து ஒரு கடன் அட்டை வெளியிட்டது. அந்த அட்டையில் செலவு செய்தால், வீட்டை விட்டு வெளியே போகாமலேயே மைல் சேரும். இங்கேதான் கதையே மாறுகிறது. மைல் என்பது பறந்த தூரத்தின் பெயராக இருந்தது. இப்போது அது விமான நிறுவனம் அச்சடித்து வங்கிக்கு விற்கும் சரக்காகிவிட்டது. வங்கி காசு கொடுத்து மைலை வாங்கி, அட்டை வைத்திருப்பவருக்கு வழங்கும். இந்தச் சரக்கு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஒரு சான்று: கொள்ளை நோயால் 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைட்டெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தையே அடகு வைத்து ஏறத்தாழ 680 கோடி டாலர் கடன் திரட்டியது. விமானங்கள் ஓடாத நாளில் புள்ளிப் புத்தகம் அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது.

நம் நாட்டு விமான நிறுவனம் 1990-களில் சிங்கப்பூர் நிறுவனத்தோடும் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கோடும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் நடத்தியது. அதன் பெயர் ‘பாசேஜஸ்’. நேயர்களே, நம் முன்னோருக்குக் கொடுத்த இலவசக் கப்பற் சீட்டுக்கும் அரசாங்க ஏடுகளில் ‘பாசேஜ்’ என்றே பெயர். பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்காது! பின்னர் மூவரும் பிரிந்தனர். நம் நிறுவனத்தின் திட்டம் ‘என்ரிச்’ என்று பெயர் பெற்று இன்றும் நடக்கிறது.

இப்போது நம் பழைய கேள்வியைக் கேட்போம். இந்தச் சீட்டுக்குக் காசு கொடுப்பவர் யார்?

நீங்கள் ஈப்போவில் ஒரு கடையில் அட்டையைக் காட்டி நூறு வெள்ளிக்குச் சாமான் வாங்கினால், கடைக்காரருக்கு நூறு வெள்ளி முழுதாகப் போய்ச் சேராது. வங்கி ஒரு சிறு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரர் அந்த இழப்பை எல்லாச் சாமானின் விலையிலும் பரப்பி வைக்கிறார். ரொக்கம் கொடுத்து அரிசி வாங்கும் பாட்டியும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்குப் புள்ளி இல்லை. இது முதல் வழி. இரண்டாவது வழி வட்டி. நம் நாட்டில் கடன் அட்டைக்கு ஆண்டுக்கு 15 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடு வரை வட்டி. ஒழுங்காகக் கட்டுபவருக்கு 15, தவறுபவருக்கு 18. அதாவது முடியாதவரிடம் கூடுதலாக வாங்குகிறார்கள். அமெரிக்காவில் பொருளியல் ஆய்வாளர்கள் சிலர், இந்தப் பரிசுத் திட்டங்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 கோடி டாலர், கணக்கறியாதவர் கையிலிருந்து கணக்கறிந்தவர் கைக்கு மாறுகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1907-ஆம் ஆண்டு நிதியை நினைத்துப் பாருங்கள். எல்லாரிடமும் வாங்கிச் சிலருக்குக் கொடுப்பது என்பதுதான் அங்கும் ஏற்பாடு.

கணக்கறிந்தவர் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு வேடிக்கைச் செய்தி சொல்வோம். 1999-இல் அமெரிக்காவில் ஒரு பொறியியலாளர், உணவுப் பொட்டலங்களில் ஒட்டியிருந்த சீட்டை அனுப்பினால் மைல் உண்டு என்ற விளம்பரத்தைக் கண்டார். மிக மலிவான இனிப்புக் கூழ்க் கிண்ணத்துக்கும் அதே மைல்தான் என்று கண்டுபிடித்து, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிண்ணங்களை வாங்கிக் குவித்தார். மூவாயிரம் டாலர் சொச்சம் செலவு. கிடைத்ததோ பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைல்கள். அத்தனை கூழையும் யார் உண்பது? அறநிலையத்துக்குக் கொடுத்து, சீட்டைக் கிழிக்கும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்தார். அவரைப் பாராட்டலாம், ஆனால் அவர் ஒருவர். அவரைப் பார்த்து ஆசைப்பட்டுத் தேவையற்றதை வாங்கியவர் எத்தனை பேரோ!

நம் வீட்டுக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளி செலவுக்கு ஒரு புள்ளி, ஐந்து புள்ளிக்கு ஒரு மைல் என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்கு அட்டை இது மாறும். மாதம் ஆயிரம் வெள்ளி செலவு செய்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் புள்ளி, அதாவது 2,400 மைல். ஒரு மைல் ஐந்து காசு மதிப்பு என்று தாராளமாகவே வைத்தாலும் 120 வெள்ளி. இதே அட்டையில் மூவாயிரம் வெள்ளியைக் கட்டாமல் ஓராண்டு வைத்திருந்தால், 18 விழுக்காட்டில் வட்டி 540 வெள்ளி. வரவு 120, செலவு 540. மேலும் அட்டை ஒன்றுக்கு ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரியும் உண்டு. இப்படிப் போன சீட்டை இலவசச் சீட்டு என்று அழைப்பது தமிழுக்கே பொருந்தாது.

மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு நிலைமை வேறு. அவருக்கு வட்டி இல்லை. எப்படியும் செய்யும் செலவுக்குப் புள்ளி வருகிறது. அவர் அதை விடத் தேவையில்லை என்றே சொல்வோம். மின்சாரக் கட்டணம், பெட்ரோல், பள்ளிச் சாமான் என்று வழக்கமான செலவை மட்டும் அட்டையில் வைத்து, சம்பளம் வந்ததும் அடைத்துவிடும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு சேர்த்துத் தாயைத் தமிழ்நாட்டுக் கோவில்களுக்கு அழைத்துப் போனவரும் உண்டு. அப்படிச் செய்பவர் சில செய்திகளை அறிந்திருப்பது நல்லது. புள்ளிச் சீட்டிலும் விமான நிலைய வரியையும் பிற கட்டணங்களையும் ரொக்கமாகவே கொடுக்க வேண்டும். சில வேளை அதுவே மலிவுக் கட்டணச் சீட்டின் விலையை நெருங்கிவிடும். தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை நாட்களில் புள்ளி இருக்கை கிடைப்பது அரிது. அன்று எந்த இருக்கையும் காலியாகப் போகாது அல்லவா? வங்கிப் புள்ளியை விமான மைலாக மாற்றிவிட்டால் பொதுவாகத் திரும்ப மாற்ற முடியாது. ஆகவே இருக்கை இருக்கிறதா என்று பார்த்த பிறகு மாற்றுவதே முறை.

வகுப்பு மாறுவதைப் பற்றிச் சொல்கிறோம் என்றோம். ‘ரஜூலா’வில் நடவாத காரியம் விமானத்தில் நடக்கும். சாதாரணச் சீட்டு வாங்கியவர் புள்ளி கொடுத்து முன் பகுதிக்குப் போகலாம். கால் நீட்டிப் படுக்கலாம், தட்டில் சாப்பாடு வரும். முன் வகுப்பின் ரொக்க விலை மிக அதிகம் என்பதால், புள்ளிக்கு அங்கேதான் கூடுதல் மதிப்பு என்று கணக்குப் புலிகள் கூறுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் நால்வர் உள்ள குடும்பத்துக்கு, நான்கு மணி நேரப் பயணத்தில் ஒருவர் படுத்துக்கொண்டு போவதா, இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவதா? எங்களைக் கேட்டால் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்போம். கால் வலி உள்ள பாட்டி என்றால், அவரை முன்னால் உட்காரவைத்து நாம் பின்னால் உட்காரலாம். தளத்தில் பாய் விரித்து வந்த தலைமுறைக்கு அது தகும்.

புள்ளி யாருடைய சொத்து என்ற கேள்வியும் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்வெட்டுத் தொழிலாளர் கட்டிய அந்தப் பத்துப் பத்து வெள்ளியில்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டமும், பின்னர் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. பங்கு உறுப்பினருடையது, கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், வாரிசுக்கு எழுதி வைக்கலாம். விமானப் புள்ளி அப்படியன்று. விதிப் புத்தகத்தைப் படித்தால் அது நிறுவனத்தின் சலுகை என்றே எழுதியிருக்கும். நேற்று பத்தாயிரம் புள்ளிக்குக் கிடைத்த இருக்கைக்கு நாளை பதினைந்தாயிரம் என்று அவர்கள் சொல்லலாம், கேட்க முடியாது. பெரும்பாலான திட்டங்களில் குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தாத புள்ளி அழிந்துவிடும்.

நம் பழைய குடியேற்ற நிதி என்னவாயிற்று என்றும் சொல்லிவிட வேண்டும். விடுதலைக்குப் பின் 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, முதியோர் இல்லம், உதவி என்று சில காரியங்கள் செய்தது. 1999-இல் அதைக் கலைத்துச் சட்டம் வந்து, எஞ்சிய சொத்து அரசாங்கத்திடம் சேர்ந்தது. நம் பாட்டன்மார் வேலை செய்த நாட்களை எண்ணிக் கட்டப்பட்ட பணம் அது. அதில் ஒரு காசுக்கும் அவர்கள் பெயரில் பற்றுச்சீட்டு இல்லை.

கடைசியாக, யார் கடன் அட்டை எடுக்கலாம் என்பது. ஆண்டுக்கு 24,000 வெள்ளி, அதாவது மாதம் 2,000 வெள்ளி வருமானம் உள்ளவருக்கே அட்டை என்று 2011-இல் பேங்க் நெகாரா விதித்தது. 36,000 வெள்ளிக்கு மேற்படாதவர் இரண்டு நிறுவனங்களுக்கு மேல் அட்டை வாங்க முடியாது. ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டாது. 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. ஆகவே அந்தச் சம்பளம் மட்டுமே உள்ள தொழிலாளிக்கு அட்டை இல்லை; ஈப்போத் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகள் கையில்தான் அட்டை இருக்கிறது. வீட்டில் அதைப் பற்றிப் பேசுங்கள். கடன் கை மீறியவர், பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிலையத்தை அணுகலாம். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

மாத அறிக்கை வந்தால் புள்ளி எத்தனை என்ற இடத்தைப் பிறகு பாருங்கள். முதலில் மூன்று இடங்களைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்: மொத்த பாக்கி, குறைந்த அளவு கட்ட வேண்டிய தொகை, கடைசி நாள். குறைந்த அளவுத் தொகை பொதுவாக நூற்றுக்கு ஐந்து. மூவாயிரம் பாக்கிக்கு 150 வெள்ளி. அதை மட்டும் கட்டினால் 45 வெள்ளி அந்த மாத வட்டிக்குப் போகும். கடனில் குறைவது 105 வெள்ளிதான். அந்தக் காலத் தோட்டக் கடையில் சம்பள நாளன்று பற்றுப் புத்தகத்தை விரித்து வைத்துக் கடைக்காரர் கூட்டிக் காட்டுவார். நாமும் கூடவே விரல் விட்டு எண்ணுவோம். இந்த அறிக்கையையும் அப்படியே எண்ணிப் பார்க்கலாம். மொத்த பாக்கியைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கட்டினால், பணம் போய்ச் சேரவும் நேரம் இருக்கும்.